முதல் வரியில் மீன் செதில்

ஈஜிபுராவில் நான் குடியிருந்த கட்டிடத்தில் மூன்று வீடுகளின் சமையலறைத் தண்ணீரும் ஒரே குழாயில்தான் இறங்கும். அது அடிக்கடி அடைத்துக்கொண்டு கீழ்வீட்டு அக்காவின் சிங்க்கில் பொங்கி வழிந்தது. இன்ஜினியர் அல்லவா நான். சிங்க்கில் போடக் கூடாதவை என்று ஐந்து வரிப் பட்டியலை அச்செடுத்து, அவர் வாசலருகே படிக்கட்டுச் சுவரில் ஒட்டினேன். முதல் வரி: மீன் செதில், கறிக் கொழுப்பு. யார் பெயரையும் போடவில்லை. ஆனால் அந்தக் கட்டிடத்தில் மீனும் கறியும் சமைப்பது அவர் வீட்டில் மட்டும்தான்.

மறுவாரம் மறுபடி அடைத்தது. பிளம்பர் குழாயைக் கழற்றியதும் சேறு போல வந்து விழுந்தது காபிச் சக்கை. தினமும் இரண்டு வேளை ஃபில்டரைக் கழுவி நான் ஊற்றியது. குழாயின் நாற்றம் போகும் என்று நினைத்திருந்தேன்.

அக்கா தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எங்க வூட்டு மீனு எப்பம்மா காபி குடிக்கக் கத்துக்கிச்சு?"

நான் தாளைக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காத. மொத வரிய மட்டும் அடிச்சிட்டு எழுது."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, காபிச் சக்கை என்று எழுதினேன். பெயர் போடவில்லை. ஃபில்டர் காபி போடுபவள் நான் ஒருத்திதான் என்பது கட்டிடம் முழுக்கத் தெரியும்.