மாத்திரை மாற்றிய தரகர்

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் சின்னக்கண்ணுவிடம் ஏமாறாதவர்கள் இரண்டே வகை: ஆடு வாங்காதவர்கள், இன்னும் பிறக்காதவர்கள். பல் தேய்ந்த கிழக் கிடாயையும் இளசு என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை முடிக்கும் அந்தத் தரகரின் விரல்களை, 2006-இல் வந்த சிக்குன்குனியா மடக்கவே முடியாதபடி செய்துவிட்டது. மூட்டுக்கு மூட்டு வீக்கம். மனைவி பேச்சாயி அவரை மூட்டைபோல ஆட்டோவில் ஏற்றி, திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

அங்கே டாக்டர் கௌசல்யா ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். வீக்கத்தைக் குறைக்கும் ஒரு மாத்திரை இந்தக் காய்ச்சலுக்குக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வழக்கமான வைத்தியம் எல்லாருக்கும் உண்டு. இஷ்டம் இருந்தாச் சேருங்க."

"விக்கிறவுகளுக்கே தெரியாத யாவாரமா?" என்றார் சின்னக்கண்ணு. இத்தனை வருடம் இது தனக்குத் தோன்றவில்லையே என்று உள்ளூரப் பொறாமை. பேனா பிடிக்க முடியாததால் கைநாட்டு வைத்தார்.

மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒட்டன்சத்திரத்து முருங்கை விவசாயி நாச்சிமுத்து எழுந்து நடந்தார். சின்னக்கண்ணுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல சரக்கு அங்கே, மாவு இங்கே.

"அப்பு, உங்க மாத்திரை சூடாம்ல. என்னுது குளிர்ச்சி. மாத்திக்கிருவமா?"

"ஏனுங்க, டாக்டரம்மா திட்டமாட்டாங்களா?"

"சொன்னாத்தான திட்டும்?"

நாலே நாளில் சின்னக்கண்ணுவின் விரல்கள் மடங்கின. நாச்சிமுத்துவோ மறுபடி படுத்துவிட்டார். கக்கூசுக்குப் போக இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது.

"உங்களுக்காச்சும் கேக்குதுங்களே, அதுவே சந்தோசமுங்க" என்றார் அவர்.

சந்தையில் ஏமாந்தவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான். இந்த மனிதர் மூன்றடி தள்ளிப் படுத்து முனகினார். சின்னக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னார். அந்த வாய்க்கு அது பழக்கமில்லாத வேலை, நிறையத் திக்கியது.

கௌசல்யா ஆராய்ச்சிப் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இந்தக் கணக்கை நம்பித்தான் நாளைக்கு ஊருக்கெல்லாம் மருந்து குடுப்போம். அதுவாவது தெரியுமா?"

இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார். வீடு திரும்பும் வரை நாச்சிமுத்துவைக் கைத்தாங்கலாக நடக்க வைத்தவர் சின்னக்கண்ணுதான்.

ஏழெட்டு மாதம் கழித்து, இருவரும் குணமான பிறகு, டாக்டர் எல்லோரையும் வரச்சொல்லி முடிவை அறிவித்தார். மருந்து தின்றவர்களும் மாவு தின்றவர்களும் ஒரே வேகத்தில்தான் தேறியிருந்தார்கள். உங்கள் இருவருக்கும் கிடைத்தது மாவுதான் என்று தரகரைப் பார்த்துச் சொன்னார். இந்த நோய் குறைவதும் கூடுவதும் தன்பாட்டுக்கு நடப்பதாம்.

"மாவக் குடுத்து மாவு வாங்கியிருக்கீக! இதுக்கு ஒரு தரகு!" என்று பேச்சாயி சிரித்தாள். நாச்சிமுத்துவும் சேர்ந்து சிரித்தார்.

தன்னால் அந்த மனிதர் முடங்கவில்லை என்ற நிம்மதி சின்னக்கண்ணுவுக்கு ஒரு பக்கம். அம்புட்டுச் சாமர்த்தியமும் வீணாய்ப் போயிற்றே என்ற வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். எது பெரிது என்று அவரைக் கேட்டுப் பயனில்லை, உண்மை வராது.