மடிக்கணினியின் நெற்றி

காலையிலிருந்து என் பழைய மடிக்கணினி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கோப்புகளை வைத்துக்கொள்ளவா, ஒன்றுமே வேண்டாமா? கணினியை இயக்கும் பழைய ஓஎஸ்ஸுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாதாம். புதியதை ஏற்ற வேண்டுமாம். முதலில் இந்த இயந்திரத்துக்குத் தகுதியில்லை என்றது. எதையோ தட்டினேன், தகுதி உண்டு என்றது. என்னத்தைத் தட்டினேன் என்று கேட்காதீர்கள், தெரிந்தால் நான் ஏன் இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பல்லடம் ரோட்டில் கடை வைத்திருக்கும் நண்பருக்குப் போன் போட்டேன். "எல்லாத்தையும் அழிச்சு மொட்டை போட்டுருங்க. அப்பத்தானுங்க ஜில்லுன்னு ஓடும்" என்றார். மொட்டை போடுவதற்கு முன் வேண்டுதல் என்று ஒன்று இருக்க வேண்டாமா? எனக்கு என்ன வேண்டுதல் என்றே தெரியவில்லை.

விரலைத் தூக்கிக்கொண்டு யோசித்தபோது பக்கவாட்டுத் துளையிலிருந்து சூடான காற்று கையில் பட்டது. பஞ்சு சூடேறும் வாசனை. திருப்பூரில் வேலை பார்த்த கணினி எதைத் திறந்தாலும் விசிறியில் பஞ்சு சுற்றியிருக்கும். அந்த வாசனை என்னை நேராகத் திருப்பூர் வீரபாண்டிக்குக் கொண்டுபோய்விட்டது. கீழே தையல், மேலே அட்டைத் தடுப்பு போட்ட ஆபீஸ். அங்கே நான் புது மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் ஆங்கிலத்தில் பேசுவது என் வேலை. எந்தப் பக்கத்து ஆங்கிலம் என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஆபீஸுக்கு இருந்தது ஒரே மடிக்கணினி. ஆயுத பூஜைக்கு அதையும் கழுவாத குறையாகத் துடைத்து வைத்தோம். தையல் மெஷின், அயர்ன் பாக்ஸ், கத்தரிக்கோல், தீயணைப்பு சிலிண்டர் எல்லாவற்றுக்கும் முதலாளி தன் கையாலேயே சந்தனம் வைத்துக்கொண்டு வந்தார். மடிக்கணினியிடம் வந்ததும் நின்றார். எதற்கும் ஒரு நெற்றி இருக்கிறது, இதற்கு எது நெற்றி? மூடியைத் திறந்து பார்த்தார். திரைக்கு மேலே, நட்ட நடுவில் ஒரு சின்னப் புள்ளி. அதன் மேல் சந்தனத்தை அப்பி, குங்குமத்தை வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. இரண்டொரு நாளில் கட்டி உதிர்ந்து விழுந்தது. மிச்சம் ஒரு பூச்சு, யார் கண்ணிலும் படவில்லை. அந்த வாரம் முழுக்க எங்கே பார்த்தாலும் சந்தனம்தானே.

அப்போது ஒரு வெள்ளை டி-சர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை ஒரு நிறமா, நிறமில்லாததா என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. சாதிக் பாய்க்கு அந்தச் சந்தேகமே கிடையாது. அவர் சலவைப்பட்டறை நடத்தினார், எங்கள் துணியை வெளுத்துக் கொடுப்பவர் அவர்தான். அந்த வெள்ளைக்கு பையர் ஏற்கெனவே ஒப்புதல் மெயில் அனுப்பியிருந்தார்கள். ஆனால் மெயில் அனுப்பியவர் வேலையை விட்டுப் போய், புதிதாக ஒரு அம்மா வந்திருந்தார். துணியைக் கேமராவில் சும்மா காட்டச் சொன்னார். காட்டினோம்.

"இது மஞ்சளாக இருக்கிறதே" என்றார்.

முதலாளி முகம் செத்துவிட்டது. "பாய், துணி லாட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. இன்னொருக்கா வெளுத்துப் போடுங்க."

"மொதலாளி, நல்லாப் பாருங்க. இது பால் மாதிரி இருக்குதுங்க."

"நான் பாத்து என்ன பண்றதுங்க? அந்தம்மா பாக்கோணுமில்ல."

"இன்னொருக்கா வெளுத்தா துணி செத்துப்போகுமுங்க. கையில இழுத்தாப் பப்படமா நொறுங்கும். அப்பறம் எம் பட்டறைக்கு ஒருத்தன் துணி குடுப்பானுங்களா?" பாயின் கையில் அந்த லாட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டு இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார், என்னிடம் காட்டினார், ஏறக்குறைய அழுதார். எனக்கு அது ஒருமுறை வெள்ளையாகவும் மறுமுறை மஞ்சளாகவும் தெரிந்தது. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்ன நிறம்.

அப்போதுதான் கணினிகளைப் பழுது பார்க்கும் பிரபு வந்தார். திரையை ஒரு பார்வை பார்த்தார். "துணியில ஒண்ணுமில்லீங்க. ஓஎஸ் பழசு. கேமராவுக்குப் பத்தமாட்டேங்குது. புதுசு போட்டுட்டா சரியாயிருமுங்க." மூழ்கப் போகிற பாய்க்கு இது போதாதா? "போடுங்க தம்பி, இப்பவே போடுங்க" என்றார்.

பிரபு சிடியை நுழைத்துவிட்டு, "முக்கியமானதெல்லாம் எடுத்து வெச்சாச்சுங்களா?" என்று கேட்டார்.

"டி-யில கெடக்குது" என்றார் முதலாளி. டி டிரைவ் என்றால் எங்களுக்கெல்லாம் இரும்புப் பெட்டி. சி-க்கு என்ன ஆனாலும் டி-க்கு ஒன்றும் ஆகாது. ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. டி-க்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மெயில்கள் சி-யில் இருந்தன. அந்தக் காலத்தில் மெயில் வந்தால் கணினிக்குள் இறங்கிவிடும், வெளியே பிரதி நிற்காது. நீலப் பட்டை மெல்ல மெல்ல நகர்ந்து முடிந்தபோது புத்தம்புதுத் திரை, பச்சைப் புல்வெளி மாதிரி ஏதோ ஒரு படம். ஒரு மெயிலும் இல்லை. வெள்ளைக்கு வந்த ஒப்புதலும் இல்லை.

"அப்ப நான் சொன்ன வார்த்தைக்கு என்னங்க சாட்சி?" என்றார் பாய்.

நான் அந்த அம்மாவை மறுபடி அழைத்து, பழைய மெயிலைத் தேடிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். தேடுகிறேன், அதற்குள் துணியை இன்னொரு தடவை காட்டுங்கள் என்றார். காட்டினோம். புது ஓஎஸ்ஸில் மஞ்சள் இன்னும் பிரமாதமாகத் தெரிந்தது. திரையில் முதலாளி மஞ்சள், பிரபு மஞ்சள், நான் மஞ்சள்காமாலை. துணியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, நாங்களும் சேர்ந்து மஞ்சளாகியிருப்பது உறைக்கவே இல்லை.

பாய்க்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மாவிடம் தானே நியாயம் கேட்கப் போகிறவர்போலத் திரைக்கு முன்னால் வந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மொதலாளி, இது சந்தனமுங்களா?"

விரலை நீட்டினார், பாதியில் நிறுத்தினார். திரையில் ஒரு ராட்சத மஞ்சள் விரல் அந்தரத்தில் நின்றது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டார். இருக்கிறது, ஒரு நிமிடம் என்றேன்.

"நான் தொடலாமுங்களா?" என்றார் பாய்.

முதலாளி தவித்தார். "பூஜையில வெச்சதுங்க பாய். அது தானா உதிரோணும். நாமளா எடுக்கறது..." பிரபு கூரையைப் பார்த்தார். சந்தனத்தைத் துடைப்பதற்கு அந்தப் புதிய ஓஎஸ்ஸில் எந்த வழியும் இல்லை. கீழே மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. முதலாளி மடிக்கணினியின் நெற்றியைப் பார்த்தார், பாயின் நெற்றியைப் பார்த்தார். அதில் வேர்வை கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"தொடைங்க பாய்" என்றார். "சாமிக்கும் கண்ணு தெரியோணுமில்ல."

பாய் கையிலிருந்த அந்த வெள்ளைத் துண்டின் முனையில் 'ஹா' என்று ஊதி ஈரமாக்கி, குழந்தையின் கண்ணைத் துடைப்பதுபோலத் துடைத்தார். திரை விழித்துக்கொண்டது. துணியை விரித்தார். வெள்ளை. என்னால்கூடச் சந்தேகப்பட முடியாத வெள்ளை. இதுதான், இதுவேதான் என்றார் அந்த அம்மா. பிறகு சிரித்து, நீங்கள் இத்தனை பேர் அங்கே நிற்கிறீர்களா, இவ்வளவு நேரம் எனக்குப் புகைதான் தெரிந்தது என்றார்.

"பாத்தீங்களா, புது ஓஎஸ் போட்டதும் எத்தன கிளியர்!" என்றார் பிரபு. பாய் அவரை முறைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். லாட் அன்று மாலையே தைக்க இறங்கியது.

அதன் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பாய் வருவார். பொரி, சுண்டலை வாங்கிக்கொண்டு நேராக மடிக்கணினிகளிடம் போவார். அதற்குள் அவை ஒரு வரிசையாகப் பெருகியிருந்தன. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மூடியாக எட்டிப் பார்ப்பார். "மொதலாளி, இதுல கொஞ்சம் தள்ளி வையுங்க." முதலாளியும் தள்ளி வைப்பார். அவர் பார்த்து முடிக்காமல் கற்பூரம் ஏற்றுவதில்லை என்று ஒரு வழக்கமே ஆகிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இது ஏதோ ஆதிகாலத்துச் சடங்கு என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது அந்தக் கட்டடத்தில் வேறு கம்பெனி. வெள்ளையை அளக்க மெஷின் வந்துவிட்டது, எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். பையருடன் பேசும்போது இரண்டு பக்கமும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு பெயர், அவ்வளவுதான். மடிக்கணினிகள் அவரவர் பையில் அவரவர் வீட்டுக்குப் போகின்றன. பூஜையன்று ஆபீஸில் சந்தனம் வைக்க பிரிண்டர் மட்டும் மிஞ்சுகிறது. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாய் தாராபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அவ்வப்போது வீடியோவில் கூப்பிடுகிறேன். எடுத்ததும் போனைக் காதோடு ஒட்டிக்கொள்கிறார். "பாய், முன்னாடி புடிங்க, மூஞ்சி தெரியல" என்பேன்.

"பேசறது நல்லாக் கேக்குதுங்களே, அப்பறம் என்னங்க?" என்பார்.

திரை முழுக்க இருட்டும், ஓரத்தில் கொஞ்சம் நரைத்த முடியும். நான் இந்தப் பக்கம் என் முகத்தை நேராகக் காட்டிக்கொண்டு, அந்த இருட்டோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.