வலிக்காத நெறி

அத்தைக்கு அக்குளில் நெறி கட்டியது ஐப்பசியில்தான் என்று மாமா கடைசிவரை சாதித்தார். தவறு. ஈஸ்வர வருஷம், புரட்டாசி இரண்டாம் வெள்ளிக்கிழமை. எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத் தானும் தேய்த்துக்கொள்ளக் கையைத் தூக்கியபோதுதான் அத்தை அதைக் கண்டுபிடித்தாள். ஒரு மாதத்தைக் குறைத்தால் தாமதமும் குறைந்துவிடும் என்று மாமாவுக்கு எண்ணம் போலும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது; வாடிப்பட்டியில் அத்தை வீட்டில் வளர்ந்தேன். அத்தையின் மார்பில் ஆனியிலிருந்தே கட்டி இருந்தது. சொல்லக் கூச்சப்பட்டவள், நெறியும் சேர்ந்தபின் மாமாவிடம் சொன்னாள். மாமா கலங்கவில்லை, மகிழ்ந்தார். அதற்கு நானே காரணம். ஆவணியில் என் குதிகாலில் கருவேல முள் ஏறிச் சீழ் வைத்து, தொடையிடுக்கில் நெறி கட்டியது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டார்கள். ஐந்தாம் நாள் புண்ணும் ஆறியது, நெறியும் கரைந்தது. ஆகவே நெறி கட்டிவிட்டால் உடம்பு விழித்துக்கொண்டது என்று பொருள். கட்டியை அதுவே பார்த்துக்கொள்ளும்!

மதுரையிலிருந்து அப்பா வந்து, தன் அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி மன்றாடினார்.

“நெறிங்கிறது காவக்காரன் மாதிரி மாப்ள. அவன் வந்து நின்னுட்டான், பெறகென்ன?” என்றார் மாமா. சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டுக் குதிகாலைக் காட்டச் சொன்னார். அந்த மாதம் வந்தவர் போனவருக்கெல்லாம் அதைக் காட்டினேன், பெருமையாகவே.

கடைசியில், கடலை எடுத்தபின் பார்க்கலாம் என்று இறங்கிவந்தார்.

“கடலை மண்ணுக்குள்ளயே கெடக்கும் மச்சான். கட்டி கெடக்குமா?” என்று கேட்டுவிட்டு அப்பா அன்றே பஸ் ஏறிவிட்டார்.

கார்த்திகையில் பாதிக் கடலை களவு போயிற்று. வேலிமுள்ளை விலக்கிக் கள்ளனுக்கு வழிவிட்டவன் காவல்காரனேதான். அவனை ஊரறியத் திட்டித் தீர்த்த மாமா, அதே கையோடு வீட்டுக்கு வந்து அத்தையின் பத்துக்குச் சுண்ணாம்பு குழைத்தார். இதை என்னவென்று சொல்வது!

தையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். பங்குனியில் அத்தை போய்விட்டாள்.

பல ஆண்டுகள் கழித்துப் புத்தகங்களில் படித்தேன். நோயை எதிர்க்கும் அணுக்கள் பல சமயம் புற்றைக் கொல்கின்றன. சில சமயம், புண்ணை ஆற்ற வந்தவைபோல் அதற்கு ஊட்டம் தந்து, ரத்தக்குழாய்வரை வழியும் அமைத்துக் கொடுக்கின்றன. நெறியோ அந்தப் புற்று போகிற வழியில் தங்கும் இடம். மாமாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அத்தைக்கு ஏதோ தெரிந்திருந்தது.

அந்த ஐப்பசியிலேயே ஒரு மத்தியானம் என்னை அருகில் படுக்கவைத்துக் கேட்டாள்: “ஏத்தா, ஒனக்கு நெறி கட்டுனப்ப வலிச்சுச்சா?”

“அம்புட்டு வலி அத்தை. தொடவே விடமாட்டேன்.”

அவள் என் விரலை எடுத்துத் தன் அக்குளில் வைத்து அழுத்தினாள். கொட்டைப்பாக்குப் போலக் கெட்டியாக இருந்தது.

“எனக்கு வலிக்கவே இல்ல” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நல்ல செய்தியை மாமாவிடம் சொல்ல, களத்துமேடுவரை ஓடினேன்.