முறுக்குப் போட்டியில் தோற்ற ஊர்

போன கிறிஸ்துமஸுக்கு ஆரணியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இங்கிலாந்தில் நர்ஸாகத் தனியாக இருக்கும் அக்காவும், ஸ்பெயினில் புருஷனோடு மளிகைக் கடை வைத்திருக்கும் தங்கையும் ஒன்றாக லீவில் வந்திருந்தார்கள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அரிசி மில்லுக்கு லோடு ஆட்டோ ஓட்டும் நான் மட்டும் உள்ளூர்.

இரண்டு பேருமே அம்மாவைக் கொஞ்ச நாள் கூட்டிப்போகிறேன் என்று நின்றார்கள். அம்மாவின் முட்டிவலிக்கு ஒரு பயணம்தான் தாங்கும். எந்த ஊர் என்பதில்தான் சண்டை.

நானே நடுவரானேன். ஆளுக்கொரு தட்டு வைத்து, ஊரைப் பற்றி நல்லதாக ஒன்று சொன்னால் ஒரு முறுக்கு என்றேன்.

இங்கிலாந்தில் பஸ்ஸுக்கு இரண்டே பேர் நின்றாலும் வரிசையாம். நாம் காலை மிதித்தாலும் அவர்கள்தான் சாரி சொல்வார்களாம். நம் பஸ் ஸ்டாண்டில் மிதித்தவனே முறைப்பான். அக்காவுக்கு இரண்டு முறுக்கு.

ஸ்பெயினில் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூக்கம், ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடு, அதற்கப்புறமும் கிழவிகள் தெருவில் உட்கார்ந்து அரட்டையாம். "இதையே நான் செஞ்சா தண்டச்சோறு, அங்க செஞ்சா நாகரிகமா?" என்றேன். ஆனாலும் தங்கைக்கு மூன்று முறுக்கு கொடுத்தேன்.

அப்புறம் நாட்டு நடப்பு. இங்கிலாந்தில் வெளியூர்க்காரர்கள் போகட்டும் என்று ஒரு கூட்டம் கத்துகிறதாம். அக்காவின் வார்டில் வேலை செய்பவர்களில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள்தானாம். ஸ்பெயினில் டூரிஸ்டுகளால் வாடகை ஏறிப்போய் ஜனங்கள் ரோட்டில் இறங்குகிறார்களாம். இரண்டு தட்டிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்து நானே தின்றுவிட்டேன்.

ஒருநாள் கடை திறக்காவிட்டால் தெருவே வந்து கதவைத் தட்டி என்ன ஏது என்று கேட்கும், ஒரே பேஜார் என்றாள் தங்கை. தன் ஊரில் அந்தத் தொல்லையே இல்லை என்று அக்கா ஒரு கதை சொன்னாள். காய்ச்சலில் நாலு நாள் எழ முடியாமல் கிடந்தாளாம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் பெல் அடித்தாராம். விசாரிக்க வந்தார் என்று இவள் தள்ளாடிப்போய்த் திறந்தால், சாரி, சாரி, உங்கள் குப்பைத்தொட்டி இன்னும் ரோட்டிலேயே நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அவர் மாதிரியே குனிந்து நடித்துக் காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நடிப்புக்கென்று அரை முறுக்கு போட்டேன்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இது எப்போ?"

"போன ஈஸ்டரப்போமா."

"அன்னிக்கி போன்ல, நல்லா சாப்ட்டுகினு கீறேன்னு சொன்னியே."

அக்கா முறுக்கை உடைத்துக்கொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை. நிலைமையைச் சமாளிக்க, எண்ணிக்கையில் ஸ்பெயின்தான் ஜெயித்தது என்று அறிவித்தேன்.

"சின்னவ ஊட்டுக் கதவ தட்ட ஆளு இருக்குது. எனக்குப் பெரியவ ஊருக்கே டிக்கெட் போடுடா" என்றார் அம்மா.

எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கும் தங்கை, தன் தட்டை அப்படியே அக்கா தட்டில் கவிழ்த்தாள்.

இப்போது அம்மா அங்கேதான் இருக்கிறார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் குப்பைத்தொட்டியையும் இவரே உள்ளே இழுத்து வைக்கிறாராம். அதற்கும் அவர் சாரி சொல்கிறாராம்.

என் கிண்டல் ஒன்றும் குறையவில்லை. ஆனால் யாராவது தன் காய்ச்சல் கதையைச் சிரிப்பாகச் சொன்னால், சிரிப்பதற்கு முன் 'இது எப்போ?' என்று கேட்க இப்போது எனக்கும் வாய் வருகிறது.