கவாத்துக்காரி

கேலிக்காகத்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கவாத்து, அதாவது காப்பிச் செடியின் பழைய கிளைகளை வெட்டிவிடுவது, ஆண்கள் வேலை என்பது அந்த மலைச்சரிவில் எழுதாத சட்டம். களை எடுக்க, பழம் பறிக்க, களத்தில் காயவைத்துக் கிளறிவிட மட்டும் பெண்கள் வேண்டும்.

செடிகள் கிழடுதட்டி, காய்ப்பு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. அதற்கு வழி சொல்ல, விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். நிலம் புருஷன் பேரில். அதனால் சங்க உறுப்பினரும் அவன்தான். போய்விட்டுச் சாவகாசமாகத் திரும்பினான்.

"என்ன சொன்னாங்க?"

"செடிய வெட்டணுமாம்."

"எந்த இடத்துல?"

"செடியிலதான்."

பின்வரிசையில் நன்றாகத் தூங்கியிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. அடுத்த கூட்டத்துக்கு அவளே கிளம்பிவிட்டாள். வாசலில் சங்கச் செயலாளர் மறித்தார்.

"உறுப்பினருக்கு மட்டும்தாம்மா. வீட்டுக்காரர அனுப்பு."

"அவர் வந்தா தூங்குவார் சார். நான் வந்தா கேட்டுக்குவேன். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

உள்ளே சிரிப்பு வெடித்தது. செயலாளர் அசடுவழிய, ஜன்னலோரமாக நிற்கச் சொன்னார். நின்றே கேட்டாள். முழங்கால் உயரத்தில், மழைத்தண்ணீர் தேங்காதபடி சாய்வாக அறுக்க வேண்டும்; துளிர்ப்பதில் திடமானதை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

அந்த வருஷப் பறிப்பு முடிந்ததும் ரம்பத்தை எடுத்தாள். மேட்டு வரிசைகளை அறுத்துத் தள்ளினாள். புருஷன் வந்து பார்த்தபோது அங்கே வெறும் கட்டைகள்தான் நின்றன.

"கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? அடுத்த வருஷம் எதப் பறிப்ப?"

"கீழ இருக்கறதப் பறிப்பேன். இங்க நடுவுல பீன்ஸ் போடுறேன். பட்டினி கிடக்க மாட்டோம்."

அவன் பேச்சையே நிறுத்திவிட்டான். சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் வீட்டில் கேட்டது. அவள் தினமும் மேட்டுக்குப் போய்க் கட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். மழை பிடித்தது, பீன்ஸ் கொடி ஏறியது, கட்டைகள் மட்டும் அசையவில்லை. ஒரு காலையில் பட்டையைப் பிளந்துகொண்டு பச்சை முளை தெரிந்தபோது, அவள் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. அவனாகவே பார்த்திருக்க வேண்டும். மறு பறிப்பு ஓய்ந்ததும் கையில் ரம்பத்தோடு வந்து நின்றான்.

"எவ்வளவு உயரத்துல அறுக்கணும்?"

தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

மேட்டு வரிசைகள் கிளை தெரியாமல் காய்த்த வருஷம், அவன் கூட்டத்தில் எழுந்து மனைவியையும் உறுப்பினராகச் சேர்க்கச் சொன்னான்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு ஓட்டா?" என்று செயலாளர் தட்டிக்கழித்தார்.

"ஒரு தோட்டத்துல ரெண்டு பேரு உழைக்கறோமே சார்."

அன்று நடக்கவில்லை; அவன் விடாமல் கேட்டு, அடுத்த கூட்டத்தில் நடந்தது.

உறுப்பினரானதும் அவள் வைத்த முதல் கோரிக்கை, கூட்டத்தைச் சாயங்காலத்திலிருந்து மாற்ற வேண்டும் என்பது. "அடுப்புப் பத்தவைக்கற நேரத்துல கூப்பிட்டா பொம்பளைங்க எப்படி வருவாங்க?"

முனகிக்கொண்டே காலைக்கு மாற்றினார்கள்; உறுப்பினரல்லாத பெண்களும் வந்து கேட்கலாம் என்றார்கள். முதல் காலைக் கூட்டத்துக்குத் திமுதிமுவென்று வந்த பெண்களுக்கு இடம் போதவில்லை. அவள் புருஷன் வீட்டுக்கு ஓடிப்போய், இருந்த ஒரே பெஞ்சைத் தலையில் சுமந்துகொண்டு வந்து போட்டான். பெண்கள் கேள்விமேல் கேள்வி கேட்க, கூட்டம் முடிய மதியம் தாண்டிவிட்டது.