பேசக் கூடாத ஒரு வாரம்

மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து கீரைக்காரரைக் கூப்பிட்டேன். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. சளி என்று நினைத்து மிளகுக் கஷாயமாகக் குடித்துத் தள்ளினேன். ஒரு மாதமாகியும் குரல் திரும்பவில்லை.

குரல்நாணில் (தொண்டைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் தசைமடிப்பு) பாலிப் (சிறு சதை வளர்ச்சி) இருந்தது. அகற்றிப் பரிசோதித்தார்கள், புற்றுநோய் இல்லை. உங்களுக்கும் இதே அறுவை சிகிச்சை என்றால் பயப்படாதீர்கள். அதற்கு அடுத்த வாரம்தான் கஷ்டம்.

"ஒரு வாரம் மாத்து பேடம்மா. பேச்சே கூடாது. கிசுகிசுன்னுகூட பேசாதீங்க, அது இன்னும் கெடுதல்," என்றார் டாக்டர், கன்னடமும் தமிழும் கலந்து.

பக்கத்தில் நின்ற என் மகள் நந்திதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். காலமெல்லாம் கல்லூரியில் பாடம் நடத்திய வாய் என்னுடையது.

எனக்கு நாற்பத்தேழு வயதானபோது நானும் கணவரும் அவளைத் தத்தெடுத்தோம். தாமதமாக அம்மா ஆனவளுக்கு எல்லாவற்றிலும் அவசரம். படிப்பு, வேலை, கல்யாணம், எல்லாம் நான் இருக்கும்போதே நடக்க வேண்டும் என்பேன். கணவர் காலமான பின் அது இன்னும் அதிகமாயிற்று. ஒருநாள் சண்டை முற்றி, வேலை பார்க்கும் பொம்மசந்திராவுக்குப் பக்கம் என்று அவள் ஒரு பிஜி விடுதியில் அறை எடுத்துப் போய்விட்டாள். போனில் பேசினாலும் முட்டிக்கொள்ளும். அறுவை சிகிச்சை என்றதும் பெட்டியோடு வந்தாள். குரல் போவதைவிட, அவள் மறுபடி போய்விடுவாளோ என்றுதான் பயந்தேன்.

வீட்டில் நான் சைகை காட்டினால் வேண்டுமென்றே தப்பாகப் புரிந்துகொண்டாள். உப்பு கேட்டால் தலையணை வந்தது. பிறகு ஒரு மதியம், ரசம் சாதம் பிசைந்து கொடுத்துவிட்டு அவளாகவே ஆரம்பித்தாள்.

"நான் போனது கோபத்துல இல்லம்மா. சின்ன வயசுலேர்ந்து 'நான் இருக்கறப்பவே, இருக்கறப்பவே'ன்னு சொல்லிட்டே இருப்ப. ஸ்கூல் விட்டு வந்தா நீ கதவைத் திறக்கற வரைக்கும் பயமா இருக்கும். நீயும் போயிட்டா நான் யார்கிட்ட போவேன்? அந்தப் பேச்சைக் கேக்க முடியாமத்தான் போனேன்."

பேச முடிந்திருந்தால் 'உன் நல்லதுக்குத்தானே' என்று ஆரம்பித்திருப்பேன். அழுகை வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அவள் பேசப் பேச நான் கேட்டேன். அவ்வளவு நிறைவான நாட்கள் எனக்கு அமைந்ததே இல்லை.

வாரம் முடிந்ததும் டாக்டர் தொண்டையைப் பார்த்தார். "இனிமே மெதுவா பேசலாம். பழைய குரல் வர ஆறு மாசம்கூட ஆகும், பரவால்லயா?"

"அவசரமில்ல டாக்டர்," என்றேன்.

கரகரவென்று யாரோ ஒருத்தியின் குரல். ஆனால் எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாக எனக்கு நிறைய நேரம் இருப்பதாகத் தோன்றியது. நந்திதா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த 'அவசரமில்ல' அவளுக்குக் கேட்டுவிட்டது.