பாதியாக வெட்டிய மாத்திரை

செவ்வந்திக்குப் புருஷன் பேரைச் சொல்லிப் பழக்கமில்லை. யார் கேட்டாலும் ரேஷன் கார்டை எடுத்து நீட்டிவிடுவாள். அந்தக் காலத்தில் போலீஸ்காரர் கேட்டபோதும் அப்படித்தான், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹபீபுன்னிசா கேட்டபோதும் அப்படித்தான். டாக்டர் சிரித்துக்கொண்டே கார்டைப் பார்த்து, ‘மருதையன், வயது எழுபத்திரண்டு’ என்று எழுதிக்கொண்டார். அதன்பிறகு அவரை ஐயா என்றே கூப்பிட்டார்.

மன்னார்குடிக்குக் கிழக்கே, அவர்கள் ஊர்ப்பக்கம், மருதையனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது அது. கோட்டையில் புது ஆட்சி வந்து சில வருஷமாகியிருந்தது. களத்துமேட்டில் பழைய கூலிதான் அளந்தார்கள். அரைப்படி நெல் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்பு என்று பண்ணையார் வாஞ்சிநாதன் வயலில் இறங்க மறுத்த கூட்டத்துக்கு மருதையன்தான் முன்னால் நின்றார். கிடைத்தது லத்தியடியும் ஏழு வருஷ வழக்கும். அடியில் இடது காது மந்தமாகிவிட்டது. கோர்ட்டில் டவாலி அவர் பேரை மூன்று தரம் கூவுவார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து, “ஆஜர்” என்பார் மருதையன். நீதிபதி முணுமுணுப்பது மட்டும் காதில் விழாது. வெளியே வந்ததும், “வாய்தா போட்டுட்டாங்களா செவ்வந்தி?” என்று கேட்பார். அடுத்த தேதியை அவள்தான் சொல்ல வேண்டும். புளியஞ்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறுவார்கள்.

அந்த மனிதர், எழுபது தாண்டிய பிறகு ஒருநாள், அவளைப் பார்த்து, “நீங்க யாரு வீட்டு ஆளும்மா?” என்று கேட்டார். செவ்வந்தி மாட்டுக்கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து அழுதாள்.

அல்சைமர் என்றார் டாக்டர். இதைக் குணமாக்கும் மருந்து உலகத்தில் எங்குமே இன்னும் இல்லையாம். புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. செவ்வந்திக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கண்ணை மூடுவதற்குள் அவர் வாயால் ஒரு தரம் தன் பேர் வர வேண்டும். சம்மதத் தாளில் கைநாட்டு வைத்தாள்.

நிமிர்ந்து பார்த்தால் அதே வரிசையில் பண்ணையார் வாஞ்சிநாதன், வேட்டி நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டு. பக்கத்தில் அவர் மனைவி விஜயம். அவர்கள் நிலம் உச்சவரம்புச் சட்டத்தில் கொஞ்சம், குத்தகையில் கொஞ்சம், பிள்ளைகள் படிப்பில் மிச்சம் என்று போய்விட்டது. மறதி மட்டும் யாருடைய பட்டாவையும் பார்க்காமல் இரண்டு வீட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

ஆறு மாதம் கழித்துக் கடைத்தெருவில் விஜயம் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

“நேத்திக்கு என்னை விஜயம்னு பேர் சொல்லிக் கூப்பிட்டார், செவ்வந்தி. ரெண்டு தரம்!”

செவ்வந்திக்கு வயிறு எரிந்தது. அப்படியானால் நல்ல மருந்து பெரிய வீட்டுக்கு, மாவு நமக்கு! இது என்ன புதுசா? அன்று இரவெல்லாம் பொருமினாள். மறுநாள் காலையில் நேரே பண்ணையார் வீட்டுக்குப் போய்க் கேட்டேவிட்டாள்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க மாத்திரையில பாதி எங்களுக்குக் குடுங்க. எங்களுதுல பாதி நீங்க எடுத்துக்குங்க.”

விஜயம் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்றுதான் செவ்வந்தி நினைத்தாள். ஆனால் பாக்குவெட்டியோடு திரும்பி வந்தாள்.

“நீங்கள்ளாம் வாசல்ல நின்னு அரைப்படி கேட்டேளே, அன்னிக்கு நான் உள்ளேதான் இருந்தேன். குடுத்துடுங்கோன்னு சொல்ல எனக்கு வாய் வரலை” என்றாள். பிறகு முதல் மாத்திரையை வெட்டினாள்.

நாலு மாதம் ஓடியது. இருவருக்கும் தினமும் ஒரு மாத்திரை கணக்கு தவறவில்லை. காட்டிக்கொடுத்தது பாக்குவெட்டிதான். மீதி மாத்திரையை எண்ணிப் பார்க்கத் திருப்பிக் கொண்டுவந்த டப்பாவின் அடியில், முன்கூட்டியே வெட்டி வைத்திருந்த, பாக்கின் சிவப்புக் கறை படிந்த அரை மாத்திரைகளைக் கண்டு டாக்டர் முகம் மாறியது. செவ்வந்தி எதையும் மறைக்கவில்லை.

“ரெண்டு பேர் கணக்கையும் நீக்கணும்மா” என்றார் டாக்டர் வருத்தத்தோடு. “கலந்து சாப்பிட்டா மருந்து வேலை செஞ்சதா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“பங்கு போட்டுத் தின்னது தப்பா? நல்லத அவங்களுக்குக் குடுத்துட்டு எங்கள ஏமாத்துனது தப்பில்லையா?”

“எது யாருக்குன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சா என் கண்ணே ஓரவஞ்சனை பண்ணும்னுதான் என்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. முடிவு வந்ததும் கேட்டுக் கண்டிப்பா உங்களுக்குச் சொல்றேன்.”

தெரியாமலிருப்பதும் ஒரு நியாயமா? செவ்வந்தி நம்பவில்லை.

அடுத்த வருஷம் முடிவு வந்தது. அந்த மருந்து யாருக்கும் பலிக்கவில்லை. டாக்டர் வாக்குக் கொடுத்தபடி ரகசியத்தையும் உடைத்துச் சொன்னார். நிஜ மருந்து மருதையனுக்கு. மாவு, பண்ணையார் வீட்டுக்கு. வாஞ்சிநாதன் பேர் சொல்லிக் கூப்பிட்டது ஏதோ ஒரு நல்ல நாளின் தயவு.

செவ்வந்தி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவருக்கென்று வந்ததைத் தன் கையாலேயே பாதியாக்கிக் கொடுத்திருக்கிறாள். முழுசாகக் கொடுத்திருந்தாலும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் எத்தனை தரம் சொல்லியும் மனசு ஆறவில்லை.

“இதுவும் ஒரு பதில்தாம்மா. இந்த வழி இல்லைன்னு தெரிஞ்சா வேற வழி தேடுவாங்க” என்றார் டாக்டர்.

“ரெண்டு பேரு கணக்கக் கெடுத்துட்டேன். அதுக்கு ஈடா வேற எதுக்காவது என்னையை வச்சுப் பாருங்க.”

நோய் வராத பெரியவர்களை வருஷாவருஷம் சோதித்து, இது எப்போது தொடங்குகிறது என்று தேடும் ஆராய்ச்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் சேர்ந்தாள். ரத்தம் எடுத்தார்கள். பிறகு கேள்விகள். மருதையன் பக்கத்து பெஞ்சில், சுவரைப் பார்த்துக்கொண்டு. பேச்சு நின்று இரண்டு மாதமாகியிருந்தது.

“உங்க வீட்டுக்காரர் பேரு?”

கை தானாகப் பைக்குள் போனது.

“கார்டு வேணாம்மா. இது உங்க ஞாபகத்துக்கு வைக்கிற பரீட்சை. நீங்கதான் சொல்லணும்.”

செவ்வந்திக்குக் கிழவயதிலும் முகம் சூடேறியது. “மருதையன்” என்றாள். காதில் விழவில்லை என்றார் டாக்டர். மறுபடி சொன்னாள். அதுவும் தொண்டையிலேயே நின்றது. எரிச்சலில் மூன்றாவது தரம் கத்தியேவிட்டாள்.

“மருதையன்!”

பெஞ்சு கிறீச்சிட்டது. மருதையன் எழுந்து நின்றிருந்தார். தோள் துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது.

“ஆஜர்” என்றார்.

அவர் மெதுவாகத் திரும்பி, நல்ல காதை அவள் பக்கம் சாய்த்தார்.

“வாய்தா போட்டுட்டாங்களா செவ்வந்தி?”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாங்க. வாய்தாதான்.”